கை ஓய்ந்தால் குரல் நின்றுவிடும்: மைக்கல் பரடேயும் எங்கள் முற்றத்துச் சைக்கிளும்

வன்னியில் எங்கள் வீட்டு முற்றத்தில் பின்னேரமானால் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லுகள் மேலே. பின் சில்லோடு டைனமோ முட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வயர்கள், சித்தப்பா பற்றாசு வைத்து ஒட்டிய நான்கு டயோட்டுகளின் ஊடாக ஒரு பழைய றேடியோவுக்குப் போகும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. செய்தி முடியும்வரை ஒரே வேகத்தில் சுற்றவேண்டும். வேகம் குறைந்தால் குரல் மெலியும். கை ஓய்ந்தால் குரல் நின்றுவிடும். சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்போது பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கம்பியில் வரும் மின்சாரம் என்பது பெரியவர்கள் சொல்லும் பழைய கதை. படிப்பதெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில்தான். சித்தப்பாவுக்கு அந்த விளக்கும் அதிக காலம் தேவைப்படவில்லை. மூன்றாவது இடப்பெயர்வுக்குப் பிறகு அவரைத் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட ஆளில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

அவருடைய மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞான பீடத்துக்குப் போன முதல் ஆள். முதலாம் வருடத்தில் மின்காந்தவியல் அவளை வதைத்துவிட்டது. ஒருநாள் இரவு தொலைபேசியில் அழுதாள். சமன்பாடுகளைப் பாடமாக்கி எழுத முடிகிறது, ஆனால் அவை எதைப் பற்றிப் பேசுகின்றன என்று விளங்கவில்லை, இந்தப் பாடத்தை விட்டுவிடப் போகிறேன் அக்கா என்றாள். ஊடகக் கற்கை படித்த எனக்குத் தொகையீடும் தெரியாது, காவியும் தெரியாது. ஒரு பத்திரிகைக்காரி செய்யக்கூடியதைச் செய்தேன். அவள் அனுப்பிய குறிப்பில் ஒரு விதியின் தலையில் இருந்த பெயரைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். மைக்கல் பரடே.

என்னை முதலில் நிறுத்திய செய்தி இதுதான்: தங்கச்சியை அழவைத்த அந்தச் சமன்பாட்டைப் பரடேயாலும் வாசித்திருக்க முடியாது.

ஒரு பாண், ஒரு சிலிங்

பரடே 1791 செப்டெம்பர் 22ஆம் திகதி நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். இன்று அது தெற்கு லண்டனின் ஒரு பகுதி. தகப்பன் ஜேம்ஸ் ஒரு கொல்லர். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். நோய் காரணமாகப் பல நாட்கள் பட்டறைக்குப் போகமுடியாதவர். பிரான்சுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1801இல் தானிய விலை உச்சத்தில் இருந்தபோது, வாரத்துக்கு ஒரு பாண் என்று பிள்ளைக்கு அளந்து கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

1804இல் ஜோர்ஜ் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையைப் பல வீடுகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒரு வீட்டில் கொடுத்து, திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொண்டு ஓடவேண்டும். அடுத்த வருடம் அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழு வருடப் பயிலுநரானார். மற்றவர்கள் கட்டக் கொடுத்த புத்தகங்களை அவர் வாசித்தார். பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கைக்கு அப்படித்தான் வந்தது. ஜேன் மார்செட் என்ற பெண் எழுதிய இரசாயனவியல் அறிமுக நூலும் அப்படியே. அந்த நூலுக்குத் தான் பட்ட கடனை அவர் கடைசிவரை மறக்கவில்லை. வாசித்ததைச் செய்து பார்ப்பதற்காகச் சின்னதாக ஒரு மின்பொறியையும் தானே செய்தார்.

1810இல் நகரத்தில் மாலைநேர விஞ்ஞான விரிவுரைகளுக்குப் போக ஆசைப்பட்டார். ஒரு விரிவுரைக்கு ஒரு சிலிங் கட்டணம். அந்தச் சிலிங்கை அண்ணன் ரொபேட் கொடுத்தார். அண்ணனும் கொல்லர்தான். 1812இல் கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ஹம்பிரி டேவியின் விரிவுரைகளுக்கான நுழைவுச்சீட்டுகளைக் கொடுத்தார். டேவி அன்றைக்கு இங்கிலாந்தின் பெயர்போன இரசாயனவியலாளர். கேட்டதையெல்லாம் பரடே எழுதினார், படங்கள் வரைந்தார், தன் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். சில மாதங்களில் றோயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளர் சண்டை பிடித்து வேலையை இழந்தார். 1813 மார்ச்சில் அந்த இடம் பரடேக்குக் கிடைத்தது. சம்பளத்தோடு மாடியில் தங்க இடமும் கொடுத்தார்கள்.

அதே வருடம் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பிரான்சும் பிரித்தானியாவும் போரில் இருந்தன. நெப்போலியனின் அரசு கொடுத்த அனுமதிப் பத்திரத்தோடு எதிரி நாட்டுக்குள் போனார்கள். பரடே விஞ்ஞான உதவியாளராகவும் போனார், டேவியின் உடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரனாகவும் போனார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனமுடைந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்புவோமா என்று அவர் யோசித்த நாட்களும் உண்டு. ஆனால் பாரிஸில் அம்பியரையும் இத்தாலியில் முதிய வோல்ற்றாவையும் அவர் சந்தித்தது அந்தப் பயணத்தில்தான்.

ஒரு குற்றச்சாட்டு

1820இல் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பது வெளியானது. அடுத்த வருடம், திருமணமாகி மூன்று மாதங்களில், பரடே பாதரசம் நிறைத்த பாத்திரத்தில் ஒரு காந்தத்தை நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு கம்பியை மின்னோட்டத்தால் சுழலவைத்தார். எங்கள் கிணற்றடி மோட்டரின் மூதாதை அது.

அவசரமாக வெளியிட்ட கட்டுரையில், இதே திசையில் முன்னரே யோசித்து முயன்ற வொலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. பிறர் வேலையைத் திருடினார் என்ற பேச்சுக் கிளம்பியது. வொலஸ்டன் செய்ய முயன்றது வேறொன்று, ஆனாலும் பெயரைச் சொல்லாதது பரடேயின் பிழைதான். 1824இல் அவரை றோயல் சொசைட்டிக்குத் தெரிவுசெய்ய முன்வந்தபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். கதவைத் திறந்துவிட்டவரே அடுத்த கதவில் குறுக்கே நின்றார். தெரிவு நடந்தது. பரடே டேவியைப் பற்றிப் பிற்காலத்திலும் மரியாதையோடுதான் பேசினார்.

ஊசி அசைந்த நாள்

மின்சாரத்திலிருந்து காந்தம் வருமென்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? இந்தக் கேள்வியை அவர் சுமார் பத்து வருடங்கள் சுமந்தார். இடையிடையே முயன்றார், தோற்றார். கம்பிக்குப் பக்கத்தில் பலமான காந்தத்தை வைத்துவிட்டு மின்னோட்டம் வரும் என்று அன்றைக்குப் பலரும் காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

1831 ஓகஸ்ட் 29. மெல்லிரும்பில் ஆறு அங்குல வெளிவிட்டமுள்ள ஒரு வளையத்தைச் செய்வித்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளும் மறுபக்கத்தில் இன்னொரு சுருளும் சுற்றினார். காவலிட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம். சுற்றுக்குச் சுற்று நூலும், அடுக்குக்கு அடுக்குத் துணியும் வைத்துக் கையால் சுற்றவேண்டியிருந்தது. ஒரு சுருளைப் பற்றரியோடு தொடுத்தார். மற்றச் சுருளின் பக்கத்தில் இருந்த காந்த ஊசி துள்ளியது, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தும் ஊசி அசையவில்லை. பற்றரியைக் கழற்றியபோது மறுபடி துள்ளியது.

தோற்ற வருடங்களின் காரணம் அந்தத் துள்ளலில் இருந்தது. காந்தம் பக்கத்தில் இருப்பதால் மின்சாரம் பிறப்பதில்லை. காந்தத்தின் நிலை மாறும்போது மட்டுமே பிறக்கிறது. ஒக்டோபர் 17ஆம் திகதி, வெறும் சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் செருகியும் இழுத்தும் அதையே காட்டினார். அதே மாத முடிவில், பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையில் ஒரு செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். உலகின் முதல் மின்பிறப்பாக்கி அதுதான்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் முற்றம் கண்ணில் வந்தது. டைனமோவுக்குள் ஒரு காந்தம், அதன் பக்கத்தில் ஒரு சுருள். நான் சுற்றினால் காந்தம் சுழலும், சுருளின் ஊடாகப் போகும் காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருக்கும், றேடியோ பேசும். நிறுத்தினால் காந்தம் அங்கேதான் இருக்கும், சுருளும் அங்கேதான் இருக்கும், குரல் இருக்காது. வேகமாகச் சுற்றினால் குரல் பலக்கும். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு மின்சாரம் என்பதுதான் தங்கச்சியின் குறிப்பில் இருந்த விதி. அதை ஏழு வயதில் என் கை அறிந்திருக்கிறது.

கணிதம் இல்லாத கண்

பரடேக்குக் கணிதம் வராது. காந்தத்தின் மேல் கடதாசியை வைத்து இரும்புத் தூளைத் தூவினால் தெரியும் வளைந்த கோடுகளை அவர் உண்மையான பொருளாகவே நம்பினார். அவற்றை விசைக்கோடுகள் என்றார். வெற்று வெளிக்குள் ஏதோ பரவியிருக்கிறது என்ற அந்த எண்ணத்தைக் கணிதம் தெரிந்தவர்களில் பலர் பெரிதாக எடுக்கவில்லை. அவர் தன் குறிப்பேட்டில் பரிசோதனைகளுக்கு இலக்கமிட்டு எழுதிக்கொண்டே போனார். அந்த இலக்கம் 16,000ஐத் தாண்டியது.

1850களின் நடுப்பகுதியில் மக்சுவெல் என்ற இருபத்துநான்கு வயது இளைஞர் அந்தக் கோடுகளைக் கணிதத்தில் எழுதத் தொடங்கினார். தன் கட்டுரையைப் பரடேக்கு அனுப்பினார். அவ்வளவு கணிதத்தைக் கண்டு பரடே முதலில் பயந்தார், பிறகு தன் கருத்து அதைத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்தார். கணிதக்காரர்கள் தாங்கள் கண்டதைச் சாதாரண மொழியிலும் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும் என்ற கருத்தில் 1857இல் பதிலும் எழுதினார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது, ஐரோப்பா எங்கும் அறிந்த பெயர். விளங்கவில்லை என்று சொல்வதற்கு அவர் வெட்கப்படவில்லை.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் அவரை அழைத்தார்கள். 1844இல் டர்ஹம் பகுதியில் ஹஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். விசாரணைக்கு அரசு பரடேயையும் புவிச்சரிதவியலாளர் லயலையும் அனுப்பியது. தற்செயல் மரணம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்த இருவரும், வாயு மட்டுமல்ல, கரித்தூசும் தீயைப் பெருக்கியிருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். அந்த எச்சரிக்கை நீண்டகாலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. இறந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் எப்படிக் கிடக்கும் என்று இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிற்காலத்தில் அவருக்கு ஞாபக மறதி வந்தது. சேர் பட்டத்தையும் றோயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். 1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி இறந்தார். வெஸ்ட்மின்ஸ்ரர் அபேயில் அடக்கம் செய்யப்படுவதையும் விரும்பாதவர். ஹைகேற் மயானத்தில் சாதாரணமான ஒரு கல்லின் கீழ் இருக்கிறார்.

திறந்த கதவுகள்

பரடேயின் கதையை, முயன்றால் யாரும் மேலே வரலாம் என்ற பாடமாக எங்கள் பள்ளிக்கூடங்களில் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத் தெரிகிறது. அண்ணன் கொடுத்த சிலிங்கையும், பையன் வாசிப்பதைத் தடுக்காத முதலாளியையும், நுழைவுச்சீட்டைக் கொடுத்த வாடிக்கையாளரையும் எடுத்துவிட்டால், ஒரு நல்ல புத்தகம் கட்டும் தொழிலாளி மட்டும்தான் மிஞ்சியிருப்பார். சித்தப்பாவுக்கு அந்தச் சிலிங்கைக் கொடுக்க அன்றைக்கு யாரும் இருக்கவில்லை. அவர் முயலாமல் இருக்கவில்லை.

அவர் இப்போது எரிந்துபோன தண்ணி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறார். விடுமுறையில் தங்கச்சியை அந்தக் கடையில் போய் இருக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து எடுத்தாள். அப்பா சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுகிறார், ஒன்று பிழைத்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்றுகிறார், அந்த எண்ணிக்கைதான் விதியில் பெருக்கப்படும் எண் என்று இப்போதுதான் விளங்கியது என்றாள். பாடத்தை விடவில்லை. அடுத்த மாதம் பரீட்சை.

அந்தச் சைக்கிளும் றேடியோவும் 2009இல் வழியில் விட்டுவந்தவை. டைனமோவை மட்டும் சித்தப்பா கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது அது மகளின் மேசையில் இருக்கிறது.