கழுகுமலைக்குச் சிந்து தந்தவர்

பங்குனி உத்திரத்திற்குக் கழுகுமலை நோக்கி நடந்துவரும் காவடிக் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கம்பும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்தபின், கரிசல்காட்டுச் சம்சாரிகள் விரதமிருந்து புறப்படுவார்கள். அவர்களுள் பலருக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆயினும் சிந்து பாடும்போது ஓர் அடியும் பிசகாது, காலடியும் பிசகாது. இது யார் கட்டிய பாட்டு என்று என் தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். சாமி பாட்டுக்கு ஆள் ஏது என்று சொல்லிவிட்டு மேலே பாடலானார்.

ஆள் உண்டு என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அவர்தாம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் 1865 ஆம் ஆண்டு பிறந்தவர். உழவர் குடியில் தோன்றிய அவருக்கு ஏரைவிட ஏட்டின்மேல்தான் நாட்டம். உள்ளூரில் தொடங்கிய படிப்பு அவரைத் திருவாவடுதுறை ஆதீனம் வரை இழுத்துச் சென்றது. உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்கும் பேறும் கிட்டியது.

பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் அவைப் புலவராக விளங்கினார். சங்கரநாராயணர் கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரைத் தலபுராணம் முதலியவற்றைப் பாடினார். புலவர் உலகம் மெச்சும் நூல்கள்தாம் இவை. உண்மையைச் சொன்னால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் அந்தத் திரிபந்தாதியில் என்னால் நெடுந்தூரம் போக முடியவில்லை!

மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைக்கென்று பிறந்ததே காவடிச் சிந்து என்பர். இங்கேதான் ரெட்டியார் திரிபையும் மடக்கையும் கற்ற தம் புலமை முழுவதையும் நடந்து செல்பவனின் காலடியில் கொண்டுவந்து வைத்தார். தோளில் காவடி அசையும். கால் முன்னே போகும். அந்த அசைவுக்கும் நடைக்கும் இசையச் சொற்கள் துள்ளி விழும். இயைபு அடுத்தடுத்து வருவதால் எழுதப் படிக்கத் தெரியாதவர் நெஞ்சிலும் பாட்டு தங்கிவிடுகிறது. கோவில் வளமும் வாவி வளமும் பாடியவர், முருகன்மேல் மையல் கொண்ட தலைவியின் ஏக்கத்தையும் பாடினார். அகப்பொருள் மரபு அறியாத தாத்தாவுக்கும் அந்த ஏக்கம் புரிந்தே இருந்தது.

கடல்கடந்த ஓர் ஒற்றுமையும் நினைவுக்கு வருகிறது. ரெட்டியார் பிறந்து வளர்ந்த அதே காலத்தில், அமெரிக்காவின் மேற்கே டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களும் பாடிக்கொண்டேதான் போனார்கள். இரவில் மந்தை மிரளாதிருக்கப் பாடுவது அவர்கள் வழக்கம். ஜான் லோமாக்ஸ் என்பவர் அப்பாடல்களைத் திரட்டி 1910 இல் நூலாக்கினார். அவற்றுள் பலவற்றுக்கு ஆசிரியர் பெயர் தெரியவில்லை. நம் காவடிச் சிந்தின் நிலை அதுவன்று. பெயர் தெரிந்தும் நாம் மறந்துவிட்டோம் என்பதே என் குறை. சிந்தை வெறும் நாட்டுப் பாடல் என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் எட்டயபுரத்துப் பாரதியார் அதை ஒதுக்கவில்லை. காவடிச் சிந்து மெட்டில் தாமும் பாடினார்.

1891 இல் ரெட்டியார் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 26. நம் கல்லூரியில் முதுகலை முடித்து வேலை தேடும் அண்ணன்மாரின் வயது! அந்த வயதுக்குள் ஒரு பாவகைக்கே தம் பெயரை அடையாளமாக்கிவிட்டுப் போய்விட்டார். அப்போது பாரதி எட்டு ஒன்பது வயதுச் சிறுவர்.

சென்ற விடுமுறையில் தாத்தாவிடம் இக்கதையைச் சொன்னேன். சென்னிகுளத்தையும் தம் பெயரையும் கவிஞர் பாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்றேன். தாத்தா மெல்லப் பாடிப் பார்த்து அந்த இடத்தில் நின்றார். இத்தனை காலமும் அண்ணாமலை என்று வந்ததைத் திருவண்ணாமலைச் சாமி என்றே எண்ணிப் பாடியதாகச் சொன்னார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டார்.