அல் குவாரிஸ்மி: வசனத்திலிருந்து சமன்பாட்டுக்கு

மாணவர்களே, தரப்பட்ட சமன்பாட்டைப் பிழையின்றித் தீர்க்கும் உங்களுட் பலர், அதே சமன்பாடு நான்கு வரிப் பிரசினமாக வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். சமன்பாட்டை எவ்வாறு அமைப்பது என்பதை ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நூலாகவே எழுதியவரைப் பற்றி இங்கு வாசியுங்கள்.

முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 780 இல் பிறந்தவர். ஏரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் பிரதேசத்தை அவரது பெயர் குறிக்கின்றது. கலீபா அல் மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813 - 833) பக்தாத் நகரின் ஞான இல்லத்தில் பணியாற்றி, வானியல், புவியியல், கணிதம் ஆகிய துறைகளில் நூல்கள் எழுதினார். ஏறத்தாழ 850 இல் காலமானார்.

கலீபாவின் ஊக்குவிப்பினால் அவர் எழுதிய அட்சரகணித நூல், சொத்துப் பிரிப்போர், வியாபாரிகள், காணி அளப்போர், கால்வாய் வெட்டுவோர் ஆகியோரின் தேவைக்கானது. அதில் ஏறத்தாழ அரைப்பங்கு வாரிசுரிமைக் கணக்குகளாகும். இஸ்லாமியச் சட்டம் உறவினர்களுக்குரிய பங்குகளை வரையறுத்துள்ளது. ஆகவே கணக்குப் பிழைத்தால் ஒரு பிள்ளையின் உரிமை குறைந்துவிடும். உங்களுக்குப் புள்ளி குறைவதைவிட அது பாரதூரமானது அல்லவா?

அவரது பிரசினம் ஒன்றைப் பாருங்கள். இரண்டு ஆண்மக்களின் தந்தை இறக்கிறார். தமது சொத்தில் 1/3 பங்கை வெளியார் ஒருவருக்குக் கொடுக்குமாறு சொல்லியிருக்கிறார். மீதி மக்கள் இருவருக்கும் சமமாகச் சேரும். கையிருப்பு 10 திர்ஹம். மக்களில் ஒருவர் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டுள்ளார். அக்கடனில் அவருடைய பங்கின் அளவே கழிக்கப்படும் எனக் கொள்க.

10 உம் 10 உம் 20 எனக் கூட்டத் தோன்றும். வழுக்கும் இடம் அதுதான். கடனில் எவ்வளவு சொத்தோடு சேரும் என்பது அந்த மகனின் பங்கைப் பொறுத்தது. பங்கோ மொத்தச் சொத்தைப் பொறுத்தது. ஒன்று தெரியாமல் மற்றது தெரியாது! அல் குவாரிஸ்மி தெரியாத அந்தத் தொகைக்கு அரபியில் 'பொருள்' என்று பெயரிட்டு, தெரிந்ததைப் போலவே அதனோடு கணக்கைத் தொடர்ந்தார். நாம் அதனை ப எனக் குறிப்போம். பிரிக்கவேண்டிய சொத்து 10 + ப. அதில் வெளியாருக்கு 1/3. மீதி 2/3 இருவருக்குமாதலால் ஒவ்வொரு மகனுக்கும் 1/3. கடன்பட்ட மகனின் பங்கே ப ஆதலால்,

ப = (10 + ப) ÷ 3
3ப = 10 + ப
2ப = 10
ப = 5

மொத்தம் 15 திர்ஹம், மூவருக்கும் 5 வீதம். தீர்த்தல் மூன்றே படிகள். பெயரிடுவதற்கு முன்னரான வாசிப்பிலேதான் வேலை இருந்தது.

அவரிடம் இந்தக் குறியீடுகள் எவையும் இருக்கவில்லை. எண்களைக்கூட அந்நூலில் சொற்களாலேயே எழுதினார். இரு பக்கத்திலுமுள்ள ஒத்த உறுப்புகளைக் கழிப்பது 'அல் முகாபலா'. மேலே இரு பக்கத்திலும் ப ஐக் கழித்தது அதுவே. கழித்தல் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நீக்குவது 'அல் ஜப்ர்'. அல்ஜீப்ரா என்னும் பெயர் இதிலிருந்து வந்தது. இருபடிச் சமன்பாடுகளை அவர் சதுரம் வரைந்து விளக்கினார். நீங்கள் கற்கும் வர்க்கபூர்த்தியை அவ்வுருவில் கண்ணாலேயே காணலாம்.

1145 இல் செஸ்டர் நகர ரொபர்ட் இந்நூலை இலத்தீனுக்கு மொழிபெயர்த்தார். இந்திய எண்கள் பற்றிய அவரது மற்றொரு நூலும் இலத்தீனுக்குச் சென்றது. அல்கோரிதம் என்ற சொல் அவரது பெயரின் திரிபாகும். தெரியாத கணியங்களுக்கும் தெரிந்தவற்றுக்கும் எழுத்துகளை ஒழுங்காகப் பயன்படுத்தும் முறையை பிரான்சு நாட்டவரான வியேட்டா 1591 இல் வெளியிட்டார்.

இதே நூலிலுள்ள இன்னொரு பிரசினத்தை நீங்களே செய்து பாருங்கள். 10 ஐ இரு பகுதிகளாகப் பிரிக்க. ஒரு பகுதியின் வர்க்கம், இரு பகுதிகளினதும் பெருக்கத்தின் 4 மடங்காகும். பகுதிகள் எவை? முதற்பகுதியை ப என்றால் மற்றையது 10 − ப. வரும் சமன்பாட்டில் அல் ஜப்ர் செய்ய வேண்டிய உறுப்பு ஒன்று இருக்கும். (விடை: 8, 2)