கதிரவனை ஆய்ந்த செம்மல் டாக்டர் விக்ரம் சாராபாய்

நாள்தோறும் நமக்கு ஒளியும் வெப்பமும் வழங்கும் கதிரவனிடமிருந்து, மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களும் ஓயாது காற்றுப்போல் வீசிக்கொண்டிருக்கின்றன. கோள்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் அக்காற்றும், அது சுமந்து செல்லும் காந்தப் புலமும் பரவியுள்ளன. இவ்வுண்மை தெளிவுற உழைத்த பெரியோருள் ஒருவர் தம் ஆராய்ச்சியை நம் பெங்களூரிலேயே தொடங்கினார் என்பது ஆஸ்டின் டவுன்வாழ் தமிழராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்டு 12-இல் அகமதாபாத்தில் ஆலையதிபர் அம்பாலாலுக்கும் சரளாதேவிக்கும் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. தாயகம் திரும்பிய அவர், இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நம் முன்னோரைப் போன்றே, அவரும் காலத்தின் கட்டாயத்தால் இங்கு வந்தவரே. ஆயினும் போர் முடியட்டும் என்று அவர் வாளா இருக்கவில்லை. விண்ணிலிருந்து இரவும் பகலும் பொழியும் காஸ்மிக் கதிர்களைக் கருவி கொண்டு எண்ணத் தொடங்கினார். 1942-இல் அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகளாரும் நாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார்.

கதிர்களை எண்ணுவதால் ஆவதென்ன என்று நாம் வினவலாம். சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்து கொந்தளிப்பு ஓங்குங்கால், அதன் காந்தப் புலம் வலுப்பெற்று, தொலைவிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுத்து விலக்குகிறது. பூமியை எட்டும் கதிர்கள் குறைகின்றன. கொந்தளிப்புத் தணியின் அவை மிகுகின்றன. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வேற்றத்தாழ்வு சுழன்று வருகிறது. எனவே, எவரும் சென்று காணவியலாத வெளியின் நிலையைத் தரையிலிருந்தவாறே அறிய இக்கணக்கு உதவிற்று. அதற்கு வேண்டியது பல்லாண்டுப் பொறுமை. சாராபாயிடம் அப்பொறுமை இருந்தது. 1947-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று மீண்டவர், அவ்வாண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த அறிஞர் கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். கோடைக்கானல், திருவனந்தபுரம், குல்மார்க் ஆகிய இடங்களிலும் கதிர்களை எண்ணும் நிலையங்கள் எழுந்தன.

கதிரவனின் ஆற்றல் நம் வளிமண்டலத்தின் மேலடுக்குகளையும் மாற்றுகிறது. அதன் புறஊதாக் கதிர்கள் அங்குள்ள அணுக்களைத் தாக்கி மின்துகள்களாகப் பிரிக்கின்றன. சிற்றலை வானொலியில் இலங்கை ஒலிபரப்பைக் கேட்ட நம் மூத்தோர், பகற்போதில் ஒலி திடீரென மங்கி மறைந்ததை நினைவுகூர்வர். சூரியனில் நிகழும் வெடிப்பினாலும் அவ்வாறு நேர்வதுண்டு. பூமியின் காந்த நடுக்கோட்டையொட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் வலிய மின்னோட்டம் பாய்கிறது. அதனை ஆராய உகந்த இடமாகக் கேரளத்துத் தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் தம் வீடுகளையும், தொழுது வந்த மரிய மகதலேனாள் ஆலயத்தையும் விஞ்ஞானத்திற்காக விட்டுக்கொடுத்தனர். பிறந்த ஊரை நீங்குவதன் அருமையை அறிந்த நாம் அவர்தம் கொடையை மறத்தல் ஆகாது. அவ்வாலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் எழுந்து, மேல்வானில் சோடிய ஆவியைப் பரப்பிற்று.

1969-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில் சாராபாய் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 52. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா பெங்களூர்ப் பீனியாவில் உருவாகி, 1975-இல் விண்ணேறியதை அவர் காணவில்லை.

அவர் தொடங்கிய ஆய்வின் தேவை இன்று பன்மடங்கு மிகுந்துள்ளது. 2022 பிப்ரவரியில் சூரியக் கிளர்ச்சியால் மேல்வளி சூடேறி அடர்ந்தமையின், அமெரிக்க நிறுவனமொன்று அப்போதுதான் ஏவிய 49 செயற்கைக்கோள்களுள் 38 கீழிறங்கி எரிந்தொழிந்தன. 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராய ஆதித்யா விண்கலம் புறப்பட்டது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கியது, நமக்கு அண்மையில் கோரமங்கலாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனமே.

போரினால் தடைப்பட்ட படிப்பை வந்த ஊரிலேயே தொடர்ந்து, ஒரு தேசத்தின் விண்வெளிப் பணிக்கு வித்திட்டார் சாராபாய். வந்த ஊரில் வாழும் நம் பிள்ளைகளும் இம்மண்ணிலிருந்தே அரிய பணிகளைத் தொடங்குவாராக.