பஞ்சாயத்து தந்த முதல் மந்திரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தென்மேற்கே ஏழு மைல் போனால் ராஜபாளையம். இரண்டு ஊரும் அண்ணன் தம்பி மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 1894-லேயே நகரசபை வந்துவிட்டது. ராஜபாளையமோ 1941 வரை வெறும் பஞ்சாயத்து!

அந்தப் பஞ்சாயத்தில் பொது வாழ்வைத் தொடங்கிய ஒருவர் பிறகு சென்னை ராஜ்யத்தையே ஆண்டார். அவர்தான் பூ.ச.குமாரசாமி ராஜா.

தாய் இல்லாப் பிள்ளை

1898-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி பிறந்தார். பிறந்த சில நாளில் தாய் இறந்தார். சின்ன வயதிலேயே தந்தையும் போய்விட்டார். சொத்து இருந்தது. ஆனால் காந்தியடிகளின் வழி அவரை இழுத்துக்கொண்டது. கதர் கட்டினார். சத்தியாக்கிரகம் செய்து சிறைக்கும் போனார்.

பஞ்சாயத்து வேலை என்ன? தெருவிளக்கு எரிய வேண்டும். சாக்கடை ஓட வேண்டும். கிணற்றில் நல்ல தண்ணீர் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும். வரி கேட்டால் முகம் சுளிப்பார்கள். சட்டசபையில் பேசுவதைவிட இது கஷ்டம் என்றே சொல்லலாம். சட்டசபையில் கேள்வி கேட்பவர் எதிர்க்கட்சிக்காரர். பஞ்சாயத்து மெம்பரைக் கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே!

ஊருக்கு ஊர் சபை

1949 ஏப்ரல் 6-ந் தேதி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் பதவி ஏற்றார். அப்போது அந்தப் பதவிக்குப் 'பிரதமர்' என்று பெயர். 1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசு ஆனது. அன்று முதல் அவர் 'முதல் மந்திரி'.

அந்த ஆண்டிலேயே கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 500 பேர் உள்ள கிராமத்துக்கும் ஒரு பஞ்சாயத்து வேண்டும் என்பது சட்டம். 5,000 பேருக்குக் குறையாமல், ஆண்டு வருமானமும் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அது முதல் வகுப்புப் பஞ்சாயத்து. மற்றவை இரண்டாம் வகுப்பு. அதுவரை பஞ்சாயத்தையே பார்க்காத கிராமங்கள் எத்தனையோ! விளக்குக்கும் தண்ணீருக்கும் எங்கோ இருக்கும் ஜில்லா போர்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் ஊரிலேயே ஒரு சபை கிடைத்தது.

மக்கள் தீர்ப்பு

ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. மழை பொய்த்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் வரிசை. பசித்த வயிறு சட்டத்தைப் பாராட்டுமா?

1952 தொடக்கத்தில் பொதுத்தேர்தல் நடந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. பணக்காரருக்கும் ஒரு ஓட்டு, கூலிக்காரருக்கும் ஒரு ஓட்டு. சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். மந்திரிகள் பலர் தோற்றார்கள்.

முதல் மந்திரியும் தோற்றார்!

ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குமாரசாமி ராஜா ஒதுங்கிக்கொண்டார். 1954-ல் ஒரிசா கவர்னர் பதவி அவரைத் தேடி வந்தது. 1956 வரை அங்கே இருந்தார். 1957 மார்ச் மாதம் காலமானார். வயது 58.

ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை அவர் ஊருக்கே கொடுத்துவிட்டார். அந்த வீடுதான் காந்தி கலை மன்றம்.