சலவைத் துறையிலிருந்து நீதிபீடத்திற்கு
இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை படிப்பிலும் நிலைக்காமல், தொழிலிலும் நிலைக்காமல் தடுமாறும்போது அந்த வீட்டில் தூக்கம் போய்விடுகிறது. உம்மா அழுகிறார், வாப்பா ஏசுகிறார், பிள்ளையோ தனக்கு இனி ஒரு காலமும் இல்லை என்று மனம் ஒடிந்து போகிறான். இத்தகைய வீடுகளில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டத்தக்க வரலாறு ஒன்று உண்டு. ஹனஃபி மத்ஹபில் இமாமுல் அஃளம் அவர்களுக்கு அடுத்தபடியாகப் போற்றப்படும் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறே அது.

அவர்களின் இயற்பெயர் யஃகூப். தந்தையார் பெயர் இப்ராஹீம். ஹிஜ்ரி 113-ல் (கி.பி. 731) இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். மூதாதையரில் ஒருவரான ஸஅது இப்னு ஹப்தா (ரலி) அவர்கள் நபித்தோழர். குலத்தில் பெருமை இருந்தது. ஆனால் வீட்டில் வறுமைதான் இருந்தது.

அக்காலத்தில் கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கல்வி மஜ்லிஸ் புகழ்பெற்று விளங்கியது. இமாமவர்கள் பட்டுத்துணி வணிகர், செல்வர். வறிய மாணவர்களும் அங்கே வந்து அமர்வதுண்டு. அவர்களில் ஒருவராக யஃகூபும் போய் அமர்ந்தார். வீட்டார் அதை விரும்பவில்லை. தடுத்தவர் தந்தையார் என்று ஓர் அறிவிப்பும், தாயார் என்று மற்றோர் அறிவிப்பும் வரலாற்று நூல்களில் காணப்படுகின்றன. இரண்டிலும் காரணம் ஒன்றே: வயிற்றுப் பாடு.

தாயாரைப் பற்றிய அறிவிப்பு இவ்வாறு கூறுகிறது. தந்தையை இழந்த மகனைத் தாய் ஒரு சலவைத் தொழிலாளியிடம் வேலைக்கு விட்டார். பிள்ளையோ போகிற வழியில் மஜ்லிஸுக்குள் நுழைந்துவிடும். தாய் பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்வார். இது பலமுறை நடந்தது. முடிவில் ஒருநாள் பொறுமையிழந்த அந்த அம்மையார் இமாமவர்களிடமே வந்து முறையிட்டார். இவன் அனாதை, தாம் நூல் நூற்றுத்தான் இவனுக்கு உணவளிப்பதாகவும், இவன் தன் கைச்செலவுக்கு ஒரு தானிக்காவது, அதாவது ஒரு திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்காவது, சம்பாதிக்க வேண்டும் என்றும், இமாமவர்கள்தாம் இவனைக் கெடுத்துவிட்டதாகவும் கூறினார்.

இமாமவர்கள் கோபப்படவில்லை. இந்தப் பிள்ளை பிஸ்தா எண்ணெயுடன் பாலூதஜ் உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள். பாலூதஜ் என்பது செல்வர் வீட்டு இனிப்புப் பண்டம். அன்றாட ரொட்டிக்கே வழியில்லாத அந்தத் தாய், இந்தப் பெரியவருக்கு அறிவு தடுமாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

அந்தத் தாயை நாம் குறை கூறலாமா? கூடாது. அவர் இன்றைய பசியைக் கண்டார். இமாமவர்கள் நாளைய மனிதரைக் கண்டார்கள். ஆனால் இமாமவர்கள் நல்வார்த்தையோடு நின்றுவிடவில்லை. இன்றைய பசிக்கும் வழி செய்தார்கள்.

தந்தையாரைப் பற்றிய அறிவிப்பில் அந்த விவரம் இருக்கிறது. தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு யஃகூப் மஜ்லிஸுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். இமாமவர்கள் அவரைத் தேடினார்கள். மீண்டும் வந்தபோது காரணம் கேட்டறிந்தார்கள். எல்லோரும் கலைந்து சென்ற பின்பு, பிறர் அறியாமல் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாதிருக்கும்படியும், இது தீர்ந்தால் தெரிவிக்கும்படியும் சொன்னார்கள். ஆனால் தெரிவிக்கும் தேவையே யஃகூபுக்கு ஏற்படவில்லை. பணம் தீர்வதை யாரோ சொல்லியனுப்பியதைப் போல, அடுத்த 100 திர்ஹம் தானாகவே வந்துகொண்டிருந்தது.

அன்பு காட்டிய உஸ்தாத், திருத்தவும் தயங்கவில்லை. ஒருமுறை யஃகூப் கடும் நோயில் விழுந்தார். நலம் விசாரிக்கச் சென்ற இமாமவர்கள், தமக்குப் பின் முஸ்லிம்களுக்கு இவர் பயன்படுவார் என்று தாம் நம்பியிருப்பதை வெளியிட்டார்கள். நோய் குணமானதும் அந்தப் பாராட்டு இளைஞரின் உள்ளத்தில் பெருமிதத்தை உண்டாக்கிவிட்டது. அவர் தனியாக ஒரு மஜ்லிஸை ஆரம்பித்துவிட்டார்.

இமாமவர்கள் ஒருவரை அனுப்பி ஒரு கேள்வி கேட்கச் செய்தார்கள். சலவைக்காரர் ஒருவர், துணியை வாங்கவே இல்லை என்று முதலில் மறுத்தார். பின்னர் வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூஸுஃப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார்; அதுவும் தவறு என்றார் வந்தவர். அபூயூஸுஃப் எழுந்து நேரே உஸ்தாதிடம் வந்தார். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் உடையவருக்காகச் செய்த வேலை, ஆகவே கூலி உண்டு. மறுத்த பின் வெளுத்திருந்தால் தனக்காகச் செய்துகொண்டது, ஆகவே கூலி இல்லை என்று இமாமவர்கள் விளக்கினார்கள். தாய் எந்தத் தொழிலில் விட்டாரோ அந்தத் தொழிலைக் கொண்டே உஸ்தாத் பாடம் புகட்டிவிட்டார்கள். மாணவரும் வெட்கப்பட்டு விலகிவிடாமல் மீண்டும் வந்து அமர்ந்தார். இருவருக்கும் இது பெருமையே.

ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) இமாமுல் அஃளம் அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்கள் நம்பியபடியே அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் பக்தாதில் காஜியானார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் காஜிகளுக்கெல்லாம் தலைவராக, காஜியுல் குளாத் என்ற பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்களும் அவர்களே. கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர்கள் எழுதிய கிதாபுல் கராஜ் என்னும் நூல் நில வரியையும் அரசு நிர்வாகத்தையும் பற்றியது. குடியானவர்களை வதைத்து வரி வாங்கக் கூடாது என்றும், சிறைக் கைதிகளுக்கு அரசே உணவும் உடையும் கொடுக்க வேண்டும், விலங்கோடு அவர்களைப் பிச்சையெடுக்க விடக் கூடாது என்றும் அதில் கலீஃபாவுக்கே அறிவுரை கூறினார்கள். பசியை அறிந்து வளர்ந்தவரின் எழுத்தல்லவா!

ஒருநாள் கலீஃபாவின் விருந்தில் ஒரு பண்டம் வைக்கப்பட்டது. பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதஜ்! அதைக் கண்டு அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் சிரித்தார்கள். காரணம் கேட்ட கலீஃபாவிடம் பழைய கதை முழுவதையும் கூறினார்கள். கலீஃபா வியந்து, தலையிலுள்ள கண் காணாததை அறிவுக்கண்ணால் கண்டவர் என்று இமாமுல் அஃளம் அவர்களுக்காக ரஹ்மத்தை வேண்டினார்.

ஹிஜ்ரி 182-ல் (கி.பி. 798) பக்தாதில் அவர்கள் வஃபாத்தானார்கள். மரண நோயிலும், தம்மைக் காண வந்த மாணவருடன் ஹஜ்ஜில் கல்லெறிவது பற்றிய ஒரு மஸ்அலாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் எல்லோரும் காஜியாகிவிடப் போவதில்லை. சிலருக்குச் சலவைத் தொழிலும் ஹலாலான நல்ல பிழைப்பே. ஆயினும் பிள்ளையின் ஆவல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும், அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதும், முடிந்த உதவியை மறைவாகச் செய்வதும், தவறும்போது அவமானப்படுத்தாமல் திருத்துவதும் நம் கடமை. சொந்தப் பிள்ளைதான் என்றில்லை. அண்டை வீட்டு அனாதைக்கும் இந்தக் கடமை உண்டு. இன்று நாம் மறைவாகக் கொடுக்கும் ஒரு பை, நாளை யாருடைய கண்ணீரைத் துடைக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அத்தகைய கண்ணையும் கரத்தையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.