நாணும் பாவையும்: யிர்ஷி திரன்காவின் வாழ்வும் இருள்சார் அசைவூட்டப் படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

செக் நாட்டுப் பாவைப்பட இயக்குநர் யிர்ஷி திரன்காவின் (1912-1969) வாழ்க்கையை, அவர்தம் படங்களில் அச்சமும் இருளும் வளர்ந்த போக்கின் வழியே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பாவையைக் கயிற்றிலிருந்து விடுவித்த கலைஞர், தம் இறுதிப் படத்தில் அக்கயிற்றை மீண்டும் கொணர்ந்ததன் பொருளைத் திருக்குறளின் மரப்பாவை உவமையோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: பாவை, அசைவூட்டப்படம், நாண், அதிகாரம், திரன்கா.

முன்னுரை

பாவை என்னும் சொல் தமிழில் பொம்மை, பெண், கண்மணி எனப் பல பொருள் தருவது. அச்சொல்லில் அழகோடு அச்சமும் உறைகிறது. சங்கப் பாடல்கள் போற்றும் கொல்லிப்பாவை, காண்பாரை மயக்கிக் கொல்லும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்றான பாவை, திருமகள் அவுணரின் போர்க்கோலத்தை ஒழிக்க ஆடியது. உயிரற்றது உயிருள்ளது போல் இயங்கும்போது தோன்றும் மருட்சியைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

இம்மருட்சியையே அடிப்படையாகக் கொண்ட இக்காலக் கலை அசைவூட்டப்படம். அது சிறுவர்க்கே உரியது என்னும் கருத்து பரவலாக உண்டு. வேளச்சேரியை அடுத்த தரமணியிலுள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் இக்கலை பாடமாகப் பயிற்றப்படும் இன்றைய சூழலில், அதன் இருண்ட பக்கத்தைத் தமிழ் மரபின் சொற்களால் பேச வேண்டியிருக்கிறது. அதற்குத் திரன்காவின் வாழ்வு தக்கதொரு களமாகும்.

இளமையும் பயிற்சியும்

திரன்கா 1912 பிப்ரவரி 24 அன்று பொகீமியாவின் பில்சன் நகரில் பிறந்தார். தந்தை தகர வேலை செய்பவர், தாய் தையற்கலைஞர். சிறுவயதிலேயே மரத்தில் பாவைகள் செதுக்கி நண்பர்களுக்குக் கூத்து நிகழ்த்தினார். பள்ளியில் அவருக்கு ஓவியம் கற்பித்தவர் யோசப் ஸ்கூபா. ஷ்பெய்பல், ஹுர்வீனெக் என்னும் புகழ்பெற்ற பாவைகளைப் படைத்தவரும் அவரே. அவருடைய ஊக்கத்தால் பிராக் நகரின் பயன்கலைப் பள்ளியில் சேர்ந்து 1935 வரை பயின்றார்.

1936இல் பிராக்கில் திரன்கா தொடங்கிய மரப்பாவை அரங்கு நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர்ச் சிறுவர் நூல்களுக்கு ஓவியம் வரைந்தும், நாடகங்களுக்கு மேடை அமைத்தும் வாழ்ந்தார். போர் முடிந்த 1945இல் பிராக்கின் அசைவூட்டப்படக் கூடத்தில் இணைந்தார். மறு ஆண்டில் வந்த ‘துள்ளுமனிதனும் எஸ்.எஸ். படையும்’ என்னும் வரைபடத்தில், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளி ஒருவன் காலில் சுருள்வில் கட்டிக்கொண்டு நாஜிப் படையினரை அலைக்கழிக்கிறான். நகைச்சுவைப் படமாயினும், கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்கிய ஆறாண்டு ஆக்கிரமிப்பின் நிழல் அதில் படிந்துள்ளது.

கயிறு நீங்கிய பாவை

வரைபடத்தில் தம் கைத்தடம் பிற ஓவியர்களின் உழைப்பினூடே மங்கிவிடுவதாகக் கருதிய திரன்கா, விரைவில் பாவைக்கே திரும்பினார். இங்குப் பாவைக்குக் கயிறு இல்லை. அதனுள் மூட்டுகள் கொண்ட எலும்புக்கூடு ஒன்று உண்டு. அதைச் சிறிது நகர்த்தி ஒரு சட்டகம் படமெடுத்து, மீண்டும் நகர்த்தி அடுத்த சட்டகம் எடுப்பர். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். இயக்கும் கை எச்சட்டகத்திலும் தெரியாது. பாவை தானே இயங்குவதாகத் தோன்றும்.

செக் மக்களின் ஆண்டுவிழாக்களைச் சித்திரித்த ‘ஷ்பலீச்செக்’ (1947) அவருடைய முதல் நெடும் பாவைப்படம். ‘பேரரசரின் வானம்பாடி’ (1949), ‘பழஞ்செக் கதைகள்’ (1953), ‘நடுவேனிற்கனவு’ (1959) ஆகியன தொடர்ந்தன. இவற்றுட் பலவற்றுக்கு இசையமைத்தவர் வாட்ஸ்லாவ் திரோயான்.

திரன்காவின் தனித்தன்மை பாவையின் முகத்தில் உள்ளது. முகபாவத்தை மாற்றும் உத்திகளை அவர் பெரிதும் தவிர்த்தார். முகம் மாறாதிருக்க, ஒளியும் படக்கருவியின் கோணமும் உடல்நிலையும் மாறும். அதே முகம் ஒரு காட்சியில் களிப்பாகவும் மறு காட்சியில் துயராகவும் தோன்றும். தோற்பாவைக்கூத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தோலில் வெட்டிய முகம் ஒன்றே. விளக்கொளியும் குரலும் அதற்கு மெய்ப்பாடு ஊட்டும். இம்மாறா முகமே திரன்காவின் பிற்காலப் படங்களில் அச்சத்தின் ஊற்றாகியது.

இருளின் வருகை

1962இல் வெளிவந்த ‘எந்திரப் பாட்டி’ இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தன் பாட்டியைப் பிரியும் சிறுமி, ஆளரவமற்ற பொறிகளின் வெளியைக் கடந்து, பாட்டிக்கு மாற்றாக அமைக்கப்பட்ட எந்திரத்திடம் சேர்க்கப்படுகிறாள். எந்திரம் அன்பு மொழிகளைப் பேசுகிறது. ஆனால் அன்பு இல்லை. கொடுமை எதுவும் நிகழாமலே காண்போர் உள்ளம் கலங்குகிறது. பேயையோ குருதியையோ காட்டாமல், பரிவின் போலியைக் கொண்டு அச்சமூட்டியது இப்படம்.

அவருடைய இறுதிப் படம் 1965இல் வந்த ‘கை’. 18 நிமிடம் ஓடும் இப்படத்தில் உரையாடல் இல்லை. ஓர் அறையில் தனித்து வாழும் கோமாளிக் குயவன், தன் செடிக்குத் தொட்டி வனைகிறான். கையுறையணிந்த பெருங்கை ஒன்று உள்ளே புகுந்து, தன் உருவைச் சிலையாக வடிக்கப் பணிக்கிறது. அவன் மறுக்கிறான். கை பரிசு தருகிறது, மயக்குகிறது, மிரட்டுகிறது. முடிவில் அவன் உறுப்புகளில் கயிறு கட்டிக் கூண்டில் அடைத்துச் சிலை செதுக்க வைக்கிறது. தப்பி வீடு சேர்ந்து கதவுகளை அடைத்துக்கொள்ளும் அவன், தன் செடித்தொட்டியே தலையில் விழுந்து இறக்கிறான். அதே கை அவனுக்குச் சிறப்புமிக்க இறுதி மரியாதை செய்கிறது.

நாணின் இருபொருள்

நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), உள்ளத்தில் நாணில்லாதவரின் இயக்கத்தை, கயிற்றால் உயிருள்ளதுபோல் மருட்டும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. நாண் என்பது வெட்கத்தையும் கயிற்றையும் குறிப்பதால் உவமை இரட்டிப்பு வலிமை பெறுகிறது. திரன்கா இக்குறளை அறிந்தவர் என்பதற்குச் சான்றில்லை. இங்குச் செய்யப்படுவது ஒப்பீடே.

‘கை’ படத்தில் உயிருள்ளது ஒன்றே: மனிதக் கை. குயவன் மரப்பாவை. ஆயினும் மறுப்பும் மானமும் பாவையிடமே உள்ளன. குறளில் நாண் இல்லாதவனே பாவையாகிறான். படத்திலோ, நாணற்ற கை நாணுடைய பாவைக்குக் கயிறு பூட்டுகிறது. கால்நூற்றாண்டுக்கு மேலாகப் பாவையைக் கையாண்டவர், கயிறில்லாப் பாவைக்கலையில் கயிற்றைத் தண்டனையாக மட்டுமே காட்டினார் என்பது கருதத்தக்கது. இப்படத்தின் இருள் இவ்விடத்தே முழுமை பெறுகிறது.

இதனை அரசுக்கு எதிரான குற்றச்சாட்டாக மட்டும் வாசிப்பது போதாது. திரன்காவின் படக்கூடம் அரசின் பொருளுதவியால் இயங்கியது. தேசியக் கலைஞர் என்னும் பட்டத்தையும் அவர் பெற்றிருந்தார். கூண்டிலிருந்து சிலை செதுக்கும் குயவனிடம் இயக்குநர் தம்மையும் கண்டார் எனக் கொள்வதற்கு இடமுண்டு. மேலும், பாவையை இயக்குபவர் என்ற நிலையில் அவரும் ஒரு கையே.

மறைவும் தொடர்ச்சியும்

1968இல் சிறுவர் நூல் ஓவியத்துக்கான ஆன்டர்சன் விருது திரன்காவுக்குக் கிட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. 1969 டிசம்பர் 30 அன்று அவர் பிராக்கில் காலமானார். பில்சனில் நடந்த இறுதிச் சடங்கில் மக்கள் திரண்டனர். பின்னர் ‘கை’ தடைசெய்யப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் தாய்நாட்டில் திரையேறவில்லை. கலைஞனைப் போற்றிப் படைப்பை மறைத்த இச்செயல், படத்தின் இறுதிக் காட்சியையே ஒத்திருந்தது.

திரன்காவிடம் பிராக்கில் பயின்ற இந்தியர் பிரமோத் பதி (1932-1975). மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனில் பணியாற்றிய இவர், ‘ஆபித்’ (1972) என்னும் குறும்படத்தில் ஓவியர் ஆபித் சூர்த்தியையே சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுத்தார். ஆசிரியர் மரத்தை மனிதனாக்கினார். மாணவர் மனிதனைப் பாவையாக்கினார்.

முடிவுரை

திரன்காவின் படங்களில் இருள் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று. பாவைக்கலையின் உள்ளேயே அது இருந்தது. இயக்குபவர் யார், இயங்குவது யாருடைய விருப்பம் என்னும் வினாவே அவ்விருள். தொடக்கப் படங்களில் கை மறைந்திருந்ததால் வினாவும் மறைந்திருந்தது. இறுதிப் படத்தில் கை வெளிப்பட, வினாவும் வெளிப்பட்டது. மரப்பாவை உவமையை அறவுரையாக மட்டும் பயின்று வந்த நாம், அதனை அசைவூட்டக் கலையின் திறனாய்வுக் கருவியாகவும் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் முடிபு.