துப்பாக்கியைக் கீழே வைத்த வேட்டைக்காரர்... பறவைகளுக்கு வீடு கொடுத்த பீட்டர் ஸ்காட்!

டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்போட பாண்டா லோகோவை நீங்க எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீங்க. டி-ஷர்ட், பை, காபி கப்னு எல்லாத்துலயும் இருக்கும். அந்த பாண்டாவுக்கு வடிவம் கொடுத்தவர், இளம் வயதில் ஒரு தீவிரமான வேட்டைக்காரர் என்றால் நம்புவீங்களா?

பெயர், பீட்டர் ஸ்காட். 1909-ல் லண்டனில் பிறந்தவர். தென் துருவத்துக்குப் போய் திரும்பி வராத கேப்டன் ஸ்காட்தான் அவரோட அப்பா. 1912-ல் பனிக்குள் உயிர் பிரியும் முன், மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், பையனுக்கு இயற்கை மீது ஆர்வம் வரவழைக்கச் சொல்லியிருந்தார். அப்போ பீட்டருக்கு இரண்டரை வயசு. அப்பா முகம்கூட நினைவில் தங்காத குழந்தைக்கு, அந்த ஆசைதான் சொத்து.

ஆர்வம் வந்தது. ஆனா, துப்பாக்கியோடு வந்தது! கேம்பிரிட்ஜில் படிக்கும்போது, விடியலுக்கு முன்பே சதுப்பு நிலத்தில் பதுங்கி, காட்டு வாத்துகளைச் சுடுவதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம். எந்தப் பறவை எப்போ வரும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எப்படிப் பறக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. சுட்ட பறவைகளையே அழகழகாக ஓவியமும் வரைந்தார். நடுவில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலம் வேற!

ஒருநாள் அவர் வேட்டையாடிய இடத்தில், காட்டு வாத்து ஒன்று கால்கள் உடைந்து சேற்றில் விழுந்தது. மனுஷன் கால் வைத்தால் புதைந்துபோகும் சேறு. எடுக்கவும் முடியலை, அதன் வலியை முடித்து வைக்கவும் முடியலை. மறுநாள் பார்த்தால், அதே இடத்தில் தலையை நிமிர்த்தியபடி இன்னும் உயிரோடு இருந்தது. அந்தக் காட்சி அவரை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்கே மனம் மாறிட்டார்னு சொன்னா கதைக்கு நல்லா இருக்கும். நிஜத்தில், துப்பாக்கியை முழுசாக விட அவருக்குப் பல வருடங்கள் ஆச்சு.

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பியவர், 1945 கடைசியில் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்லிம்பிரிட்ஜ் கிராமத்துக்குப் போனார். ரஷ்யாவின் வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் வெள்ளை நெற்றி வாத்துகள் அங்கே கூட்டம் கூட்டமாக மேயும். போருக்காகக் கட்டிய கான்கிரீட் காவல் அறைக்குள் ஒளிந்து பார்த்தவருக்கு, அந்தக் கூட்டத்துக்குள் மிக அரிதான இன்னொரு வகை வாத்தும் கண்ணில் பட்டது. இங்கேயே ஒரு மையம் அமைக்கலாம் என்று முடிவெடுத்தார். 1946 நவம்பரில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளை அங்கே தொடங்கியது. பறவைகளுக்குத் தெரியாமல் ஒளிந்து பார்ப்பது எப்படி என்பது வேட்டைக்காரருக்குச் சொல்லியா கொடுக்கணும்? மறைவான பாதைகள், பார்வை மறைப்புகள் அமைத்து, பொதுமக்களையும் உள்ளே வரவழைத்தார்.

அடுத்து வந்ததுதான் பெரிய சவால். ஹவாய் தீவுகளின் நேனே வாத்து, வேட்டையாலும் வெளியிலிருந்து வந்த கீரி, பூனை போன்றவற்றாலும் சுமார் 30-க்குச் சுருங்கியிருந்தது. 1950-ல் இரண்டு நேனே வாத்துகள் ஸ்லிம்பிரிட்ஜ் வந்தன. ஜோடி என்று நினைத்திருந்தார்கள். பார்த்தால், இரண்டுமே முட்டை போட்டுடுச்சு! அவசரமாக ஹவாயிலிருந்து விமானத்தில் ஒரு மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அதன் பிறகு குஞ்சுகள் பெருகின. 1962-ல் ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த வாத்துகள் ஹவாயின் மாவி தீவுக்கே திரும்பிப் போய், மலையில் விடப்பட்டன. ஹவாயிலும் தனியாக வளர்ப்புத் திட்டம் நடந்தது. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் நேனே வாத்துகள் இருக்கின்றன.

1964-ல் இன்னொரு விஷயம். அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த குளத்தில், ஆர்க்டிக் ரஷ்யாவிலிருந்து சுமார் 3,500 கி.மீ பறந்து வந்த பெவிக் அன்னங்கள் இறங்கின. ஒவ்வொன்றின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் வேறு வேறு மாதிரி கலந்திருப்பதை அந்த ஓவியர் கவனித்தார். நம்ம கைரேகை மாதிரி! வரைந்து வைத்து, குடும்பமாகச் சேர்ந்து பெயரும் வைத்தார்கள். அதே அன்னங்கள், அதே ஜோடியோடு வருடா வருடம் திரும்பி வருவது இப்படித்தான் தெரிந்தது. அந்தப் பதிவு இன்றும் தொடர்கிறது.

1961-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் தொடங்கியவர்களில் ஒருவர். அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் 'சிவப்புப் புத்தக'த்துக்கு வழி போட்டவரும் இவரே. 1989-ல், 80 வயதை எட்ட சில நாள்கள் இருக்கும்போது மறைந்தார்.

இலையுதிர் காலத்தில் இங்கிலாந்து போகும் வாய்ப்பு கிடைச்சா, ஸ்லிம்பிரிட்ஜை மறக்காதீங்க. அக்டோபர் கடைசியிலிருந்து அன்னங்கள் வரத் தொடங்கும். ஆனா, எண்ணிக்கை முன்பு போல இல்லை. ஐரோப்பாவில் குளிர் குறையக் குறைய, பல அன்னங்கள் வழியிலேயே தங்கிவிடுகின்றன. மொத்த எண்ணிக்கையும் சரிந்திருக்கிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை இன்றைக்கும் அலகைப் பார்த்துத்தான் குறித்து வைக்கிறார்கள்.